அடுத்த ஆண்டு ஆணா, பெண்ணா?

நீலகிரியிலும் பழனி மலையிலும் கோடை மழை நாலைந்து தடவை நனைத்துவிட்டுப் போனதும், சோலைக்காட்டு ஓரங்களில் மக்கிய இலைகளைத் தள்ளிக்கொண்டு ஒரு முளை மேலே வரும். கொஞ்ச நாளில் அது முழ உயரத் தண்டாகிவிடும். தண்டு நெடுகிலும் ஊதாவும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாய்ப் புள்ளிகள். அதன் தலையில் பாம்பு படமெடுத்து நிற்பது போலக் கவிந்த ஒரு பூ. தெரியாமல் அருகே போகிறவர் ஓர் அடி பின்வாங்கத்தான் செய்வார். தோட்டக்காரர்கள் இதைக் கோப்ரா லில்லி என்கிறார்கள். தாவரவியலில் இதன் பேரினத்துக்கு அரிசீமா என்று பெயர்.

பாம்பு போன்ற தோற்றம் கண்ணில் பட்டதோடு பலரும் நகர்ந்துவிடுகிறார்கள். அது வருத்தத்துக்குரியது. ஏனென்றால் இந்தச் செடியின் உண்மையான அதிசயம் வெளித்தோற்றத்தில் இல்லை. போன வருஷம் ஆணாகப் பூத்த அதே செடி இந்த வருஷம் பெண்ணாகப் பூக்கும். காய்த்து ஓய்ந்துபோனால் மறுவருஷம் திரும்ப ஆணாகிவிடும். ஒவ்வோர் ஆண்டும் மண்ணுக்கடியில் தன் இருப்பைக் கணக்குப் பார்த்து, அதற்கேற்றபடி தான் யாராக எழுவது என்று தீர்மானிக்கிற செடி இது.

அரிசீமாவில் ஏறத்தாழ 200 இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை இமயமலையிலும் சீனாவின் தென்மேற்கு மலைகளிலும் ஜப்பானிலும் வாழ்கின்றன. எத்தியோப்பியா உள்ளிட்ட கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் சில உண்டு. பெரிய கடலைத் தாண்டி வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளிலும் விரல்விட்டு எண்ணத்தக்க சில இனங்கள் வளர்கின்றன. ஜப்பானிலும் கிழக்கு அமெரிக்காவிலும் நெருங்கிய உறவுள்ள செடிகள் இருப்பதும், இடையில் பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அவை இல்லாமல் போனதும் ஏன் என்ற கேள்வியை 1859-இல் ஹார்வர்ட் தாவரவியலாளர் ஏசா கிரே விரிவாக எழுப்பினார். அந்தக் கேள்விக்கு அரிசீமா ஒரு நல்ல சாட்சி. 2004-இல் சுசான் ரென்னரும் அவருடைய ஜப்பானிய, சீனக் கூட்டாளிகளும் பசுங்கணிக மரபணுக்களை ஒப்பிட்டு, இந்தப் பேரினம் ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பழங்காலத்தில் பரவியதைக் காட்டினார்கள். உலகம் இன்றைவிட வெதுவெதுப்பாக இருந்த காலத்தில் ஆசியாவின் வடகிழக்கு மூலையும் அலாஸ்காவும் நிலத்தால் இணைந்திருந்தன. அந்த வழி முழுக்கக் காடாக இருந்தது.

தென்னிந்தியாவில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் அடிக்கடி கண்ணில் படுவது அரிசீமா லெஷனால்ட்டியை. பெரும்பாலும் ஒற்றை இலைதான், ஆனால் அது காம்பின் உச்சியிலிருந்து சுற்றிலும் சிற்றிலைகளாகப் பிரிந்து விரியும். 1816-இல் புதுச்சேரிக்கு வந்து நீலகிரிவரை செடி சேகரித்த பிரெஞ்சுக்காரர் லெஷனால்ட் த லா தூர் நினைவாக, 1836-இல் ப்ளூம் என்ற தாவரவியலாளர் வைத்த பெயர் அது. இலங்கையின் மலைக்காட்டிலும் இதே இனம் உண்டு. இன்னொன்று அரிசீமா டார்ட்டுவோசம். நல்ல இடத்தில் ஆள் உயரம் வளரும். பூவின் வாயிலிருந்து நீண்ட சாட்டை ஒன்று வளைந்து வெளியேறி மேல்நோக்கி நிமிரும். இது இமயமலையிலும் உண்டு, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. இடைப்பட்ட வெயில் சமவெளியில் இல்லை. நீலகிரியின் காட்டுப்பூவரசு என்ற ரோடோடெண்ட்ரானுக்கும் இதே கதைதான்.

இந்த மலைச்செடிகளைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒருவரை இங்கே சொல்லாமல் போவது நியாயமில்லை. சென்னை கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த எட்வர்ட் பார்ன்ஸ்தான் அவர். கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபோது அந்தப் புதர்க்காட்டு வளாகத்தில் மரங்களை நட்டுப் பேணியவர். வேதியியல் ஆசிரியரான அவர், 1934-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் நீலகிரி அரிசீமாக்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மதராஸ் மாகாணத் தாவரங்களின் பெருந்தொகுப்பைக் கேம்பிளுக்குப் பிறகு முடித்துக்கொடுத்த ஃபிஷர், அவர் பெயரையே ஓர் இனத்துக்கு வைத்தார்: அரிசீமா பார்ன்சியை. வகுப்பறைக்கு வெளியே ஒருவர் கொண்ட ஈடுபாடு ஒரு மலையின் செடியில் நிலைத்துவிட்டது என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் செய்தி.

அரிசீமாவின் குடும்பம் நமக்கு அந்நியமானதில்லை. சேனைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் இதன் நெருங்கிய சொந்தம். வீட்டு ஜன்னலில் கண்ணாடி பாட்டிலில் வளரும் மணி பிளாண்ட்டும், மேடை அலங்காரத்தில் பளபளக்கும் ஆந்தூரியமும் அப்படியே. 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட இந்தக் குடும்பத்தில், சுமத்ரா காட்டின் மூன்று மீட்டர் உயரப் பிணவாடைப் பூவும் சேரும். குளத்து நீரில் மிதக்கும், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உல்ஃபியாவும் சேரும். உலகிலேயே மிகச் சிறிய பூக்கும் தாவரம் அதுதான்.

சேனையை நறுக்கும்போது கை அரிப்பதும், சரியாக வேகாத கருணையை வாயில் போட்டால் நாக்கும் தொண்டையும் பிடுங்குவதும் எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம். அரிசீமாவிலும் அதே ஆயுதம், இன்னும் கடுமையாக. செடியின் உயிரணுக்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, இரு முனையும் கூரான ஊசிகளாக உறைந்து, கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கிறது. கடித்த மாத்திரத்தில் உறை உடைந்து ஊசிகள் சிதறி வாயின் மென்தோலில் தைக்கின்றன. ஊசி மட்டும் இத்தனை எரிச்சலைத் தராது. அதோடு வரும் சில புரதங்கள் அந்தத் துளைகள் வழியாக உள்ளே இறங்கித்தான் வேதனையைப் பெருக்குகின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நன்றாக வேகவைத்தால் புரதம் குலைந்துவிடும். புளித்தண்ணீரிலும் அரிசி களைந்த நீரிலும் கருணையை வேகவைத்த நம் சமையலறைகள், நுண்ணோக்கி இல்லாத காலத்திலேயே இந்த எதிரியோடு பேசிப் பழகியவை.

அரிசீமாவைச் சாப்பிடத் துணிந்தவர்களும் உண்டு. சிக்கிமின் லாச்சென் பள்ளத்தாக்கில் 1849-இல் சுற்றிய ஜோசப் ஹூக்கர், மலைமக்கள் இதன் கிழங்குகளை உலக்கையால் நசுக்கி, நீர் நிறைந்த சிறு குழிகளில் போட்டு ஒரு வாரம் போலப் புளிக்கவிட்டு, பிறகு சமைத்ததை எழுதியிருக்கிறார். சரியாகப் புளிக்காததை உண்டவர்களுக்கு வயிற்றுக் கோளாறோடு தோலும் உரிந்தது, முடியும் உதிர்ந்தது என்கிறார். பசி அந்த அளவுக்கு இருந்திருக்கிறது. வட அமெரிக்கப் பழங்குடிகள் மெல்லிய வில்லைகளாக நறுக்கி நெடுநாள் காயவைத்து உண்டார்கள். சீன மருத்துவத்தில் இஞ்சியோடும் படிகாரத்தோடும் பதப்படுத்திய பிறகே இந்தக் கிழங்கு மருந்தாகிறது. மலைக்குப் போகிற யாரும் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்க்க நினைக்க வேண்டாம். சிவந்து கொத்தாக நிற்கும் பழத்தைக் குழந்தைகள் வாயில் போட்டுவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி பூவுக்குள் போவோம். நாம் பூ என்று நினைக்கும் பாம்புப் படம் உண்மையில் பூ இல்லை. தென்னம்பாளை குரும்பையைப் பொதிந்திருப்பதுபோல, இங்கே ஓர் இலையே பாளையாகச் சுருண்டு குழாயாகியிருக்கிறது. குழாயின் மேல்விளிம்பு முன்புறம் வளைந்து கூரையாகக் கவிகிறது. மழைநீர் உள்ளே இறங்காது. பாளையை மெல்ல விலக்கினால் நடுவில் ஒரு தண்டு நிற்கும். அதன் அடிப்பாகத்தைச் சுற்றித்தான் மெய்யான பூக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் குண்டூசித் தலை அளவுதான். இதழ் கிடையாது, அலங்காரம் ஏதும் கிடையாது. ஆண் பூ என்றால் சில மகரந்தப் பைகளின் கொத்து. பெண் பூ என்றால் ஒரு பச்சைச் சூலகம், உச்சியில் சின்னஞ்சிறு பஞ்சுத் தலை. தண்டின் மேற்பகுதி மொட்டையாக, கதாயுதம் போன்றோ சாட்டை போன்றோ நீண்டிருக்கும். வாசனை அங்கிருந்துதான் வருகிறது.

பெரும்பாலான இனங்களில் ஒரு செடியின் பாளைக்குள் ஒன்று முழுவதும் ஆண் பூக்கள் இருக்கும், அல்லது முழுவதும் பெண் பூக்கள் இருக்கும். டார்ட்டுவோசம் போன்ற சிலவற்றில் சிறிய செடி ஆண், பெரிய செடி ஒரே தண்டில் இரு பூக்களையும் தாங்கும். எப்படியானாலும் ஒரு விதி பொது: சிறியது ஆண், பெண்மை பெரியதற்குத்தான்.

இதை முதலில் கண்டவர்கள் ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகள் என்றே நினைத்திருக்கக்கூடும். பனையில் அப்படித்தானே. ஆண்பனை ஆயுள் முழுக்க ஆண்பனை. 1898-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் அட்கின்சன், அமெரிக்கக் காடுகளில் மிகச் சாதாரணமாக வளரும் அரிசீமா டிரைஃபில்லத்தை வைத்துச் சோதித்து, ஊட்டம் கூடினால் குறைந்தால் பாலும் மாறுவதைக் கண்டார். 1920-களில் ஒஹாயோவில் ஜான் ஷாஃப்னர் இதை இன்னும் முறையாகச் செய்தார். ஆண் செடிகளை வளமான ஈர மண்ணில் வளர்த்துப் பெண்ணாக்கினார். பெண் செடிகளை வறண்ட, சத்தில்லாத மண்ணில் வாட்டி ஆணாக்கினார். பால் என்பது விதையிலேயே எழுதிவைத்த விதி என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருந்த காலம் அது. ஒரு காட்டுச்செடி அதை மண்சட்டியில் வைத்து மறுத்துக் காட்டியது.

கணக்கு நடக்கும் இடம் கிழங்கு. செடி அதைத் தன் குதிர் போல நடத்துகிறது. மழை நாள்களில் இலை ஈட்டும் மாவுச்சத்து முழுக்க அங்கே இறங்குகிறது. மழைக்காலம் முடிந்ததும் இலையும் தண்டும் வாடிச் சாய்ந்துவிடும். மண்ணுக்குமேல் தடயமே இராது. ஆனால் மறுவருஷத்து மொட்டு அதற்குள் உள்ளே உருவாகிவிட்டிருக்கும். குதிரில் எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்து அந்த மொட்டு ஆணாகிறது, பெண்ணாகிறது, அல்லது இந்த வருஷம் பூவே வேண்டாம் என்று வெறும் இலையாகிறது. ஆக, ஜூன் மாதத்தில் நாம் பார்க்கும் பூவின் பால், போன வருஷத்து வெயிலும் மழையும் நிழலும் தீர்மானித்தது. அமெரிக்க இனத்தில் இதை எட்ட நின்றே படிக்கலாம். ஒற்றை இலையோடு நிற்பது பெரும்பாலும் ஆண். இரண்டு இலை விரித்து நிற்பது பெரும்பாலும் பெண்.

ஏன் இந்த ஏற்பாடு? மகரந்தம் மலிவு. தூசி அளவுத் துகள்களைச் செய்ய ஒரு சிறிய செடியாலும் முடியும். பத்து நாளில் அதன் வேலை முடிந்து பாளை வாடிவிடும், மீதி மழைக்காலம் முழுக்கச் சேமிப்புக்குத்தான். பெண்ணாக இருப்பதற்கோ மாதக்கணக்கில் செலவு. சூல் கொள்ள வேண்டும், காய்களைப் பெருக்க வேண்டும், ஒவ்வொரு விதைக்குள்ளும் பிள்ளைக்கு வேண்டிய உணவைக் கட்டிவைக்க வேண்டும், கனிகளைச் சிவக்கவைக்க வேண்டும். சின்னக் கிழங்கு இதைத் தாங்காது. ஆகவே சிறுத்திருக்கும்போது ஆணாக இருந்து பிள்ளை பெறுவதும், பெருத்த பிறகு பெண்ணாவதும், வாழ்நாள் மொத்தத்தில் அதிக வாரிசைத் தருகிறது. 1969-இல் மைக்கேல் கிசெலின் விலங்குகளுக்காக முன்வைத்த ‘உடலளவின் ஆதாயம்’ என்ற கருத்து இதுதான். மன்னார் வளைகுடாவின் கடல் சாமந்திகளுக்கிடையே ஒளிந்து வாழும் கோமாளி மீன்களிலும் இதே முறை இருக்கிறது: கூட்டத்தில் பெரியது பெண், அது இறந்தால் அடுத்திருக்கும் ஆண் பெண்ணாகிறது. 1981-இல் டேவிட் பொலிகான்ஸ்கி இந்தக் கருத்தை அரிசீமாவில் வைத்துச் சோதித்து, செடி மாறும் அளவு கணக்கோடு ஒத்துப்போவதைக் காட்டினார்.

மாற்றம் ஒருவழிப் பாதையும் இல்லை. நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா அருகே பாலெட் பியர்சிகுடெக் காட்டுச் செடிகளை அடையாளமிட்டு ஆண்டுதோறும் பின்தொடர்ந்து, 1982-இல் அவற்றின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். மான் இலையைத் தின்றுவிட்டால், மேலே மரம் அடர்ந்து வெளிச்சம் குறைந்தால், மழை பொய்த்தால், அல்லது நிறையக் காய்த்துக் குதிர் காலியானால், அந்தப் பெண் அடுத்த வருஷம் ஆணாக எழுகிறது. சிலவேளை பூக்காத சிறு செடியாகவே எழுகிறது. மீண்டும் சேர்த்து, மீண்டும் பெண்ணாகிறது. நெடுநாள் வாழும் ஒரு செடி இப்படிப் பலமுறை மாறியிருக்கும். இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, எந்த நிலையும் அதற்குத் தாழ்வில்லை என்பது. இருப்பதற்கேற்ற வேடத்தைப் பூண்டு, அந்த வேடத்தை முழுமையாகச் செய்கிறது.

பியர்சிகுடெக் இன்னொன்றையும் கண்டார். தானாக விட்ட பெண் செடிகளில் காய் மிகக் குறைவு. கையால் மகரந்தம் தடவிவிட்ட செடிகளில் மிக அதிகம். அப்படியானால் இந்தப் பூவுக்குப் பஞ்சம் சத்தில் இல்லை, விருந்தாளியில். அந்த விருந்தாளி யார், அவருக்கு என்ன நேர்கிறது என்பதுதான் இந்தச் செடியின் இருண்ட பக்கம்.

கொசுவைவிடச் சிறிய, மெலிந்த பூச்சிகள் சில காட்டுத் தரையில் தாழப் பறந்துகொண்டிருக்கும். காளானிலும் மக்கும் மரத்திலும் முட்டையிட்டு, புழுக்கள் அங்கேயே தின்று வளரும். காளான் ஈ என்று சொல்லிக்கொள்வோம். அரிசீமாவின் தண்டு வெளியிடும் மெல்லிய மணம் இவற்றைத்தான் அழைக்கிறது. தேனில்லை, தின்பதற்கு மகரந்தமும் தருவதாக இல்லை. பாளைக்குழாயின் உட்சுவரில் மெழுகு பூசியதுபோல வழுக்கல். விளிம்பில் உட்கார்ந்த பூச்சி கால் பிடிப்பின்றி அடிவரை சறுக்குகிறது. ஏறிவர முடியாது.

விழுந்தது ஆண் பாளையில் என்றால் பூச்சிக்கு ஒரு வழி உண்டு. குழாயின் அடியில், பாளையின் இரு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் சின்னஞ்சிறு இடைவெளி விடப்பட்டிருக்கிறது. வெளிச்சம் தேடி அலையும் பூச்சி மேலிருந்து உதிர்ந்து தரையில் குவிந்த மகரந்தத்தில் புரண்டு, உடலெங்கும் பூசிக்கொண்டு, அந்தத் துளை வழியே வெளியேறுகிறது. பிறகு அதே மணம் வேறொரு பக்கமிருந்து அழைக்கிறது. இம்முறை விழுந்தது பெண் பாளையில். அங்கே ஓரங்கள் இறுக மூடியிருக்கின்றன. துளை இல்லை. போன தடவை தப்பித்த வழியைத் தேடிப் பூச்சி தண்டைச் சுற்றிச் சுற்றி ஊர்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் சூலகங்களின் பஞ்சுத் தலையில் மகரந்தத்தை ஒட்டவைக்கிறது. அதன் தவிப்பே செடிக்குச் சேவை. கடைசியில் அங்கேயே சாகிறது. வாடிய பெண் பாளையைக் கிழித்துப் பார்த்தால் அடியில் சிறகும் காலுமாக ஒட்டிக்கிடக்கும் பூச்சிகள் தெரியும். 2000-இல் ஸ்டெஃபான் வோகலும் யோகன் மார்ட்டென்சும் நேபாள மலைகளின் அரிசீமாக்களில் சிக்கிய பூச்சிகளை இனம் பிரித்து எழுதியபோது இந்தக் கொலைப்பொறியின் அமைப்பு தெளிவாகப் பதிவானது.

ஆணில் துளை இருப்பதும் பெண்ணில் இல்லாததும் ஏன் என்று கேட்டால் விடை இரக்கமற்றது. ஆண் பூவின் மகரந்தம் வெளியே போயாக வேண்டும். ஆகவே பூச்சி உயிரோடு வேண்டும். பெண் பூவுக்கு மகரந்தம் வந்து சேர்ந்தால் போதும். வந்தவர் திரும்பிப் போவதில் அதற்கு எந்த லாபமும் இல்லை. உள்ளே நெடுநேரம் அலைந்தால்தான் லாபம். பூவுக்கும் பூச்சிக்கும் இடையே தேன் கொடுத்து வேலை வாங்கும் நட்பையே பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். இங்கே கூலி இல்லை, உயிரும் இல்லை.

இவ்வளவு ஏமாற்றப்பட்டும் பூச்சிகள் ஏன் விழித்துக்கொள்ளவில்லை? செத்த பூச்சியிடமிருந்து எந்தப் பாடமும் அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. மேலும் காளான் ஈக்களில் பெரும்பகுதி அரிசீமாவைச் சந்திக்காமலே காளானில் பிறந்து காளானில் முட்டையிட்டு வாழ்ந்து முடிக்கின்றன. அந்த மணத்தைக் கண்டு விலகும்படி ஒரு பூச்சி மாறினால், உண்மையான காளானையோ துணையையோ இழக்கும் அபாயம் அதற்கு உண்டு. செடி அந்த இக்கட்டில்தான் வாழ்கிறது. துணை என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஜப்பானில் ஒரே காட்டில் பூக்கும் இரண்டு இனங்களைக் கென்ஜி சுயேட்சுகு என்ற கோபே பல்கலைக்கழக ஆய்வாளர் கவனித்தபோது, ஒவ்வொன்றின் தண்டும் தனக்கென்று தனி வகைக் காளான் ஈயை இழுத்தது. சிக்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆண் ஈக்கள். பெண் ஈயின் அழைப்பு மணத்தைச் செடி போலி செய்கிறது என்ற எண்ணத்துக்கு இது இடம் கொடுக்கிறது. ஆளுக்கொரு பூச்சி என்பதால், பக்கத்தில் பக்கத்தில் பூத்தாலும் இரு இனங்களின் மகரந்தம் எளிதில் கலப்பதில்லை.

இன்னொரு ஜப்பானிய இனத்தின் தண்டு, பாளையைத் தாண்டி நூலாக மெலிந்து, அரை மீட்டர்வரை நீண்டு தரையில் தொங்கும். ஆமை மேலேறிக் கடலடி அரண்மனைக்குப் போன உராஷிமா என்ற மீனவனின் கதை அந்நாட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். இந்த நூல் அவனுடைய தூண்டிற்கயிறாம். செடிக்கும் அவன் பெயர். ஊருக்கு அது கதை. பூச்சிகளுக்கு அது மெய்யாகவே தூண்டில். அந்த நூல்தான் காளான் ஈக்களை ஈர்க்கிறது என்று சுயேட்சுகுவின் குழு சோதித்துக் காட்டியது.

இந்த இடத்தில் சோலைக்காட்டுத் தரையைப் பற்றி ஒரு வார்த்தை. விழுந்த மரம் மக்கினால்தான் காளான். காளான் இருந்தால்தான் காளான் ஈ. அது இருந்தால்தான் அரிசீமாவுக்குக் காய். நிழலும் ஈரமும் உள்ள பழைய காட்டில் இந்தச் சங்கிலி யாரும் கவனிக்காமலே ஓடிக்கொண்டிருக்கிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைகளும் புல்வெளிகளும் சீகை மரத்துக்கும் தைலமரத்துக்கும் தேயிலைக்கும் இடம் கொடுத்துச் சுருங்கிப்போனதை நாம் அறிவோம். அங்கே மரக்கன்று நட்டு ஈடுசெய்துவிடலாம் என்று பேசுகிறவர்கள், மக்கிக் கிடக்கும் கட்டையையும் அப்புறப்படுத்தாமல் விட வேண்டும். குப்பை என்று கூட்டித் தள்ளுவதில்தான் அடுத்த ஆண்டின் காய் இருக்கிறது. கிழங்கைத் தோண்டி வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவருவதும் வீண். சமவெளி வெயிலில் அது தாங்காது. தாங்கினாலும் அதன் விருந்தாளி அங்கே வராது.

அரிசீமா வெறும் கொலைகாரச் செடி என்று முடித்துவிடலாம் என்றிருந்தபோது, சுயேட்சுகு அண்மையில் இன்னொரு செய்தியைக் கொண்டுவந்தார். அரிசீமா துன்பர்கியை என்ற இனத்தின் வாடிய பூங்கொத்துகளை எடுத்துவைத்துக் காத்திருந்தார். அவற்றிலிருந்து சில வாரங்களில் காளான் ஈக்கள் வெளிவந்தன. விழுந்த பெண் ஈக்கள் சாகுமுன் உள்ளே முட்டையிட்டிருக்கின்றன. புழுக்கள் அழுகும் பூந்தண்டையே தின்று வளர்ந்திருக்கின்றன. மகரந்தம் சேர்ந்த பிறகு அந்தத் தண்டின் மேற்பகுதியால் செடிக்கு இனி எந்தப் பயனும் இல்லை. எனவே புழு தின்பதால் நஷ்டமும் இல்லை.

அத்திப் பழத்தைப் பிட்டால் உள்ளே பூச்சி என்று நம் ஊர்ப் பேச்சிலேயே இருக்கிறது. அத்தியும் அதன் குளவியும் செய்துகொண்ட உடன்பாடு அது: நீ மகரந்தம் கொண்டு வா, உன் பிள்ளைகளுக்கு நான் தொட்டில் தருகிறேன். அரிசீமாவின் இந்த ஓர் இனம், ஏமாற்றில் தொடங்கி அத்தகைய உடன்பாட்டை நோக்கிப் பாதி வழி வந்திருக்கக்கூடும். முட்டையிட வந்த ஈக்கு அந்தப் பூ பிள்ளைகளை வளர்க்கும் இடம். வேறு நோக்கில் வந்து விழுந்த ஈக்கு, அதே பாளையின் அடியில், அது இன்னமும் பொறிதான்.